அனுமதிக்கப்பட்ட பளு

பேச்சிராஜ் டெட்லிஃப்ட்டில் நூற்றெழுபது கிலோ தூக்குகிறவன். ஒரகடத்தில் கார்களுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற இரண்டாயிரத்து நானூறு பேரில், அவ்வளவு எடையைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்ந்து நிற்கக்கூடியவர் வேறு யாருமில்லை. இதை அவனாக யாரிடமும் சொல்லமாட்டான். யாராவது கேட்பார்கள் என்று காத்திருப்பான். யாருமே கேட்காத நாட்களில், கேன்டீன் வரிசையில் முன்னால் நிற்பவரிடம் முதுகுவலி உண்டா என்று விசாரித்துப் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுவருவான்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவன். பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிந்ததும் கேன்டீனுக்குப் பின்னால் இருக்கும் கம்பெனி ஜிம்முக்குப் போவான். நாலு மணிக்குப் பஸ் கிளம்பும்வரை ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் என்று மூன்றையும் முறைவைத்துச் செய்வான். மூன்று வருடமாக இதுதான் அவனுக்கு விரதம், நேர்ச்சை எல்லாம். ஒரு நாளைக்கு ஆறு அவித்த முட்டை. ஒன்பதரைக்குத் தூக்கம். ஊரில் கோயில் கொடை என்றாலும் கெடா வெட்டு என்றாலும் தொடைக்கறி எத்தனை கிராம் என்று பார்த்துத்தான் சாப்பிடுவான். இவ்வளவு செய்தும் நூற்றெழுபதிலேயே பதினாலு மாதமாக நின்றுகொண்டிருந்தான். ஆனால் அவனைத் தாண்ட ஆள் இல்லாதவரை அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

சுங்குவார்சத்திரத்தில் அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன் கொம்பையா. வாசுதேவநல்லூர்க்காரன், பெயின்ட் ஷாப்பில் வேலை, பேச்சிராஜைவிட மூன்று வயது இளையவன். எட்டு மாதத்துக்கு முன்னால் அவனை ஜிம்முக்கு அழைத்துவந்ததே பேச்சிராஜ்தான். பக்கத்தில் குறைவாகத் தூக்குகிறவன் ஒருவன் நின்றால் தான் தூக்குவது இன்னும் எடுப்பாகத் தெரியும் என்பது அவனுடைய எண்ணம்.

கொம்பையா முதல் மாதம் எண்பது தூக்கினான். மூன்றாம் மாதம் நூற்றிருபது. ஆறாம் மாதம் நூற்றைம்பது. பரோட்டா தின்றான். கம்பெனி பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கினான். வாரா வாரம், "போன வாரம் எவ்வளவுண்ணே தூக்குனேன்?" என்று பேச்சிராஜிடமே கேட்டான், ஏனென்றால் அது அவனுக்கு ஞாபகம் இருப்பதில்லை. பேச்சிராஜ் பத்துக் கிலோ குறைத்துச் சொல்வான். கொம்பையா அப்படியா என்று கேட்டுவிட்டு அதற்குமேல் பன்னிரண்டரை கூட்டித் தூக்குவான். அப்போதெல்லாம் பேச்சிராஜுக்கு, சுடுசோற்றை அவசரமாக விழுங்கியதுபோல, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒன்று இறங்காமல் நிற்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை கொம்பையா நூற்றெண்பது தூக்கினான். ஜிம்மில் பதினைந்து பேர் இருந்தார்கள். தரச்சோதனைப் பிரிவில் வேலை செய்யும் இசக்கிசெல்வி அதை போனில் படம் எடுத்தாள். பிறகு பேச்சிராஜிடம் வந்து, இனிமேல் பிளான்ட்டிலேயே கொம்பையா அண்ணன்தான் முதலா என்று கேட்டாள். தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்விதான், அதில் குத்தல் ஒன்றுமில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் தாங்கவில்லை. கைதட்டலை முதலில் தொடங்கியவனும் கடைசியில் நிறுத்தியவனும் பேச்சிராஜ்தான்.

அந்தத் தொழிற்சாலையில் நியர் மிஸ் கார்டு என்று ஒன்று உண்டு. விபத்து நடக்காமல் மயிரிழையில் தப்பிய சங்கதி எதையாவது பார்த்தால் பெயர் போடாமல் மஞ்சள் அட்டையில் எழுதிப் பெட்டியில் போடவேண்டும். மாதத்துக்கு ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் பத்து கார்டு கொடுத்தாகவேண்டும் என்பது உத்தரவு. அதனால் மாதக் கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து, தரையில் எண்ணெய் கிடந்தது, கேன்டீன் வாசலில் நாய் படுத்திருந்தது என்று எழுதிப் போடுவார்கள். போன மாதம் வந்த கார்டுகளில் நாய் மட்டும் முப்பத்தொரு தடவை படுத்திருந்தது.

புதன்கிழமை பேச்சிராஜ் ஒரு கார்டு எழுதினான். "ஜிம்மில் நூற்றெண்பது கிலோ தூக்கும்போது ஊழியரின் கீழ்முதுகு வளைகிறது. ராடு காலைவிட்டு விலகிப்போகிறது. விபத்து நேரலாம்." எழுதியது அத்தனையும் உண்மை. கொம்பையாவின் முதுகு வளைவதை ஐந்து மாதத்துக்கு முன்பே அவன் பார்த்திருந்தான். கொம்பையாவிடம் மட்டும் சொல்லவில்லை.

பாதுகாப்புப் பிரிவு மேனேஜர் நடேசன் அந்தக் கார்டைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். பதினொரு வருட சர்வீஸில் அவர் கைக்கு வந்த முதல் நிஜமான நியர் மிஸ் அது. அதைப் பெரிதாக அச்சிட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னார். அன்றைக்கே உடல்நலம் மற்றும் வலிமை மேம்பாட்டுக் குழு என்ற ஒன்றை அமைத்து, தானே தலைவராகி, மறுநாள் ஜிம்முக்கு வந்தார். கூடவே குழுவின் செயலாளர், உற்பத்தித்திறன் பிரிவைச் சேர்ந்த பிரவீனா, கையில் ஸ்டாப் வாட்ச்சோடு வந்தாள்.

எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து நடேசன் பேசினார்.

"நம்ம பிளான்ட்ல ஆயிரத்து நானூத்திப் பன்னண்டு நாளா ஒரு விபத்துகூட இல்லை. எப்படின்னு வெளியிலேர்ந்து வந்து கேக்கிறாங்க. போன வருஷம் ஒருத்தருக்கு விரல் நசுங்குச்சு. நாங்க விட்டுடலை, மூணு வாரம் ஆராய்ஞ்சோம். அந்த நேரத்துல அவர் டீ பிரேக்ல இருந்திருக்கணும்னு கண்டுபிடிச்சோம். பிரேக்ல நடக்கிறது விபத்து இல்லை. இப்படி ஒவ்வொண்ணா வேர்வரைக்கும் போயித்தான் இந்த ஆயிரத்து நானூத்திப் பன்னண்டை சம்பாதிச்சிருக்கோம்."

பிறகு, இந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று ஜிம் பொறுப்பாளர் கோதண்டத்தைக் கேட்டார். கோதண்டம் பென்னலூர்க்காரர். இருபது வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி முழங்கால் தேய்ந்ததால் ஜிம்முக்கு மாற்றப்பட்டவர். வெயிட்டு தூக்குகிறார்கள் என்று சொன்னார். நடேசனின் முகம் மாறிவிட்டது. கம்பெனி விதிப்படி எந்த ஊழியரும் இருபது கிலோவுக்குமேல் கையால் தூக்கக் கூடாது. திறப்புவிழாவில் ஜப்பானிலிருந்து வந்த டைரக்டரே ரிப்பன் வெட்டிய ஜிம்மில், நான்கு வருடமாக, பட்டப்பகலில் அந்த விதியை மீறிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இரண்டு முனையிலும் மாட்டியிருந்த இரும்பு பிளேட்டுகளைக் கழற்றிவிட்டு ராடை மட்டும் எடைபோட்டுப் பார்த்தார்கள். சரியாக இருபது கிலோ இருந்தது. அதனால் ராடு ஜிம்மில் இருக்கலாம் என்று முடிவானது. பிளேட்டுகளை எல்லாம் கோதண்டம் டிராலியில் ஏற்றி ஸ்டோருக்குக் கொண்டுபோய்ப் பூட்டினார்.

பேச்சிராஜுக்கு அன்று மனசு லேசாக இருந்தது. பஸ்ஸில் கொம்பையாவுக்கு ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னான். சுங்குவார்சத்திரத்தில் இறங்கிய பிறகுதான், நாளைக்குத் தானும் அந்த வெறும் ராடைத்தான் தூக்கவேண்டும் என்பது அவனுக்கு உறைத்தது. இது கொம்பையாவை மட்டும் பிடிக்கும் என்று எப்படி நினைத்தோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

ஆனால் பிரவீனாவுக்கு ஒரு சிக்கல் இருந்தது. ஊழியர்களின் வலிமை இந்த வருடம் பதினைந்து சதவீதம் உயரும் என்று தலைமை அலுவலகத்துக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. தூக்காமல் எப்படி உயர்த்துவது? குழு மூன்று நாள் கூடிப் பேசி ஒரு வழி கண்டது. இருபது கிலோவுக்குமேல் தூக்க விரும்புகிறவர் 'அனுமதிக்கப்பட்ட பளு' என்ற நாலு பக்க விண்ணப்பத்தை நிரப்பி, ஆறு பேரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். தூக்கப்போகும் எடை, தூக்கும் உயரம், தூக்கிய பிறகு அந்தப் பொருள் எங்கே வைக்கப்படும், காற்றின் வேகம். தலையில் ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான், காலில் இரும்பு மூக்கு ஷூ, கையில் எண்ணெய் புகாத ரப்பர் உறை. ஒரு தூக்குக்கு ஒரு விண்ணப்பம்.

காற்றின் வேகம் எதற்கு என்று கொம்பையா கேட்டான். விண்ணப்பம் கிரேனுக்காக அச்சடித்தது, மீதி இருநூறு பிரதி இருக்கிறது என்று பிரவீனா சொன்னாள். கொம்பையா அதை நியாயம் என்று ஏற்றுக்கொண்டான்.

இங்கேதான் பேச்சிராஜின் வயிற்றெரிச்சலுக்குப் புதிய விறகு கிடைத்தது. கொம்பையா போகிற இடமெல்லாம் கையெழுத்து விழுந்தது. ஸ்டோர்காரரை அண்ணாச்சி என்றான். மெயின்டனன்ஸ் இன்ஜினீயரின் மகளுக்கு அம்மை இறங்கிவிட்டதா என்று கேட்டான். இரண்டு மணிக்கு விண்ணப்பத்தோடு கிளம்புகிறவன் மூன்றேகாலுக்கு ஆறு கையெழுத்தோடும் ஒரு வாழைப்பழத்தோடும் திரும்பிவந்தான். ஹெல்மெட் நெற்றியில் இறங்க, ரப்பர் உறை வழுக்க, அன்றைக்கு ஒரே ஒரு தடவை தூக்கினான். ஆனால் தூக்கினான். பேச்சிராஜின் விண்ணப்பமோ ஒரு நாள் பெரிய எழுத்தில் நிரப்பவில்லை என்று திரும்பியது. மறுநாள் நீல மை இல்லை என்று திரும்பியது. அதற்கு அடுத்த வாரம், பிரஸ் ஷாப்பில் அவன் தூக்குவதற்குத் தேவையே எழவில்லையே என்று அவனுடைய சூப்பர்வைசரே மறுத்துவிட்டார். ஆறு வாரத்தில் அவனுக்குக் கிடைத்தது இரண்டு அனுமதி. தொடையில் பேன்ட் தொளதொளத்தது.

அவன் இன்னொரு கார்டு எழுதினான். கனமான பொருளை ஒருவர் தனியாகத் தூக்கக் கூடாது, இருவர் சேர்ந்து தூக்கவேண்டும் என்று பாதுகாப்புக் கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் இருப்பதை அதில் சுட்டிக்காட்டினான்.

குழு உடனே ஒப்புக்கொண்டது. இனி ஒவ்வொரு ராடையும் ஆளுக்கொரு முனையாக இருவர் தூக்கவேண்டும். கொம்பையாவின் ஜோடியாக யாரைப் போடுவது என்று பார்த்து, ஒரே அறையில் தங்கியிருப்பவர் என்பதால் பேச்சிராஜையே போட்டார்கள்.

நூற்றெண்பது கிலோவுக்கு அனுமதி வந்த நாளில் இருவரும் ஆளுக்கொரு முனையில் குனிந்து நின்றார்கள். பிரவீனா ஒன்று, இரண்டு, மூன்று என்றாள். கொம்பையாவின் முனை எழுந்துவிட்டது. ஆறு வாரமாகத் தூக்காத பேச்சிராஜின் பிடி ரப்பர் உறைக்குள் வழுக்கியது, அவன் முனை தரையிலேயே இருந்தது. அவன் பல்லைக் கடித்து இழுத்தான், கண்ணாடிக்குள் கண் பிதுங்கியது. ராடு கிணற்றுத் துலாபோலச் சாய்ந்து நின்றது. இசக்கிசெல்வி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

"இன்னாபா இது," என்றார் கோதண்டம். "இந்தாண்ட தூக்கினு கீறான், அந்தாண்ட குந்திக்கினு கீறான். இதுக்குத்தான் ஃபோர்க்லிஃப்ட்டுன்னு ஒண்ணு கண்டுபுடிச்சு வச்சுக்கீறாங்க."

பிரவீனா தன் தாளில், இரு ஊழியர், தலா தொண்ணூறு கிலோ, குழு முயற்சி என்று எழுதிக்கொண்டாள். கொம்பையா தன் முனையை மெதுவாக இறக்கிவிட்டு, "ஷூ வழுக்கிட்டா அண்ணே?" என்று கேட்டான். பேச்சிராஜ் ஆமாம் என்றான். அன்றைக்கு அவன் ஆறு முட்டையில் நான்கைத்தான் சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு கொம்பையா ஜிம்முக்கு வருவதை நிறுத்திவிட்டான். விண்ணப்பம் கொடுக்கவில்லை, குறைசொல்லவுமில்லை. இரண்டு மணிக்கு முதல் பஸ்ஸிலேயே அறைக்குப் போய்விட்டான். ஒழிந்தான் என்று பேச்சிராஜ் நினைத்தான். நினைத்துவிட்டு, தனியாக வெறும் ராடோடு நின்றான்.

வருடாந்திர விழா வந்தது. பிளான்ட்டின் வலிமை வீரர் போட்டியும் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு பிரவீனா டெட்லிஃப்ட்டை ஸ்டாப் வாட்ச்சோடு ஆராய்ந்து ஓர் அறிக்கை படித்தாள். ஊழியர் ஒரு பொருளைத் தூக்குகிறார், பிறகு அதே இடத்தில் வைக்கிறார், பொருள் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. இது முழுக்க முழுக்க வீண் அசைவு. ராடை முதலிலேயே இடுப்பு உயரத்தில் ஒரு ஸ்டாண்டில் வைத்துவிட்டால் தூக்கவேண்டிய வேலையே மிச்சமாகிவிடும். ஒரு தடவைக்கு நாலரை விநாடி சேமிப்பு. குழு கைதட்டி ஏற்றுக்கொண்டது.

அதனால் போட்டி நாளன்று மேடையில் ராடு இடுப்பு உயரத்தில் இருந்தது. பிளேட்டு இல்லை. போட்டியாளர் போய்ப் பின்னால் நின்று, இரண்டு கையாலும் பிடித்து, மூன்று விநாடி புன்னகையோடு நிற்கவேண்டும். விண்ணப்பத்துக்கு நாற்பது மதிப்பெண், பாதுகாப்பு உடைக்கு முப்பது, நிற்கும் அழகுக்கு முப்பது. எடைக்கு மதிப்பெண் கிடையாது. எடை என்று வந்தால் போட்டியாளர்களுக்குள் ஏற்றத்தாழ்வு உண்டாகும் என்று பிரவீனா விளக்கினாள்.

பேச்சிராஜ் நூற்றுக்கு நூறு வாங்கினான். பன்னிரண்டு விண்ணப்பம் திரும்பி வந்ததில் பெரிய எழுத்தும் நீல மையும் அவனுக்குக் கைவந்துவிட்டிருந்தன. நடேசன் மாலை போட்டார், மைக்கைப் பிடித்தார்.

"வலிமைன்னா என்ன? தூக்குறதா? தூக்குறது யார் வேணும்னாலும் தூக்கிடலாம், நம்ம கோதண்டத்தோட ஃபோர்க்லிஃப்ட் ரெண்டு டன் தூக்கும். அதுக்கு மாலை போடுறோமா? தூக்க முடிஞ்சும் தூக்காம நிக்கிறாரே, அவர்தான் வீரர். நானும் பதினொரு வருஷமா அந்தக் கொள்கையிலதான் வேலை பார்க்கிறேன்."

கூட்டம் தட்டியது. கொம்பையா முதல் வரிசைக்குப் பக்கத்தில் நின்று, விரல்கள் சிவக்கத் தட்டினான். அதில் கள்ளம் இருக்கிறதா என்று பேச்சிராஜ் மேடையிலிருந்து தேடித் தேடிப் பார்த்தான். இல்லை. மாலையோடு நின்றவனுக்கு, கீழே வெறுங்கையோடு நிற்பவனைப் பார்த்து வயிறு எரிந்தது.

அப்புறம்தான் இசக்கிசெல்வி மூலம் விஷயம் தெரிந்தது. சுங்குவார்சத்திரத்தில் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால், லாரி ஷெட் ஒன்றில் தளவாய் என்பவர் நடத்தும் தகரக் கொட்டகை ஜிம்மில் கொம்பையா தினமும் தூக்கிக்கொண்டிருக்கிறான். இருநூறை எட்டிவிட்டான். அவளும் அங்கேதான் போகிறாள்.

வலிமை வீரருக்குப் பரிசாகக் குழுவில் உறுப்பினர் பதவி கொடுத்திருந்தார்கள். ஏழாவது கையெழுத்து இனி பேச்சிராஜுடையது. முதல் கூட்டத்தில் ஊழியர் தரப்பில் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று நடேசன் கேட்டார். சிலர் வெளியில் போய்த் தூக்குவதாகக் கேள்வி என்று பேச்சிராஜ் சொன்னான். பெயர் சொல்லவில்லை. சொன்ன பிறகு தண்ணீர் குடித்தான்.

நடேசன் வருத்தப்பட்டார். "உங்க முதுகு யாரோடது? வேலைக்கு எடுக்கும்போது எக்ஸ்ரே எடுத்து, பார்த்து, பிடிச்சுத்தான் எடுத்தோம். அது கம்பெனி முதுகு. சாயந்திரம் ஆனா அதை வெளியில எடுத்துக்கிட்டுப் போறீங்க, சரி, தடுக்க முடியலை. ஆனா என்ன நிலைமையில திருப்பிக் கொண்டுவர்றீங்கன்னு நாங்க கேக்கணுமா வேண்டாமா?"

கேட்கவேண்டும் என்று முடிவாகி, சுற்றறிக்கை வந்தது. வெளியில் எடை தூக்கும் ஊழியர்களும் குழுவின் அனுமதி பெறவேண்டும், மீறினால் நடவடிக்கை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கேன்டீனில் பேச்சிராஜுக்கு எதிரே கொம்பையா வந்து உட்கார்ந்தான். விண்ணப்பத்தை எடுத்து வைத்தான். ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத்தில் மாவட்ட டெட்லிஃப்ட் போட்டி. உடல் எடை எழுபத்துநாலு கிலோ பிரிவு. தளவாய் பெயர் கொடுத்துவிட்டார். அனுமதி இல்லாமல் போனால் வேலைக்கு ஆபத்து. ஆறு கையெழுத்தும் விழுந்திருந்தது. ஏழாவது கட்டம் காலியாக இருந்தது.

பேச்சிராஜ் முதல் பக்கத்தைப் பார்த்தான். பெரிய எழுத்து, நீல மை. காற்றின் வேகம்கூட எழுதியிருந்தான். பிழை ஒன்றுமில்லை. ஒரு பிழைக்காக அவன் நாலு பக்கத்தையும் இரண்டு தடவை புரட்டினான்.

"இருநூறு எப்படில வந்துச்சு?" என்று கேட்டான். கேட்கவேண்டும் என்று நினைக்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

"நீங்க எழுதுன கார்டுனாலதாண்ணே," என்றான் கொம்பையா.

பேச்சிராஜ் மறுபடி முதல் பக்கத்தைத் திருப்பினான்.

"நோட்டீஸ் போர்டுல பெருசாக்கி ஒட்டியிருந்தாவல்லா. கீழ்முதுகு வளையுது, ராடு காலைவிட்டு விலகுதுன்னு. அதைப் படிச்ச பெறவுதான் எனக்கே தெரிஞ்சுது. தளவாய் அண்ணாச்சிட்டச் சொல்லி அது ரெண்டையும் சரிபண்ணுனேன். ஒரே மாசத்துல ஏறிட்டு."

"நான்தான் எழுதுனேன்னு யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? இந்த பிளான்ட்டுல வேற யாருக்குண்ணே அது தெரியும்?"

கொம்பையா திட்டியிருந்தால் பேச்சிராஜுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நேரில் சொல்லியிருக்கலாமே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடப் பதில் வைத்திருந்தான். கொம்பையா ஒன்றும் கேட்காமல் பேச்சிராஜின் தட்டில் இருந்த அப்பளத்தை எடுத்து உடைத்துத் தின்றான். பேச்சிராஜ் பேனாவை எடுத்து ஏழாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டான். நல்ல மனதோடு போட்டான் என்று சொல்வதற்கில்லை. போடாமல் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவனும் வாலாஜாபாத்துக்குப் போனான். உற்சாகப்படுத்தப் போவதாகக் கொம்பையாவிடம் சொல்லியிருந்தான். ஒருவேளை தூக்கமுடியாமல் போனால் அதை நேரில் பார்க்கவேண்டும் என்பது சொல்லாமல் விட்டது. கல்யாண மண்டபத்தில் போட்டி. மாப்பிள்ளை பெண் உட்காரும் மேடையில் பலகை போட்டிருந்தார்கள். கம்பெனி சார்பில் பாதுகாப்புப் பார்வையாளராகக் கோதண்டம் ஹெல்மெட்டோடு வந்திருந்தார். அனுமதியில் ஹெல்மெட் என்று இருப்பதால் கொம்பையா அதைப் போட்டுக்கொண்டுதான் தூக்கவேண்டும் என்றார். நடுவர்கள் அவரைப் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் ஹெல்மெட்டைத் தானே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

கொம்பையா முதலில் நூற்றுத் தொண்ணூறு தூக்கினான். பேச்சிராஜ் வரிசைக் கடைசியில் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். இரண்டாவது தடவை இருநூறு. நடுவர்கள் மூவரும் சரி என்றதற்கு அடையாளமாக வெள்ளை விளக்கு மூன்றும் எரிந்தன. மூன்றாவது தடவைக்கு இருநூற்றேழரை கேட்டிருந்தான். கொம்பையா குனிந்து ராடைப் பிடித்தான். ராடு தரையைவிட்டு எழும்பி முழங்காலுக்குக் கீழே வந்து நின்றுவிட்டது. கால் நடுங்கியது. விழு, என்று பேச்சிராஜின் மனதுக்குள் ஒரு குரல் சொன்னது, அது தன்னுடைய குரல்தான் என்று அவனுக்குத் தெரிந்தது. அப்போது கொம்பையாவின் கீழ்முதுகு மெல்ல வளையத் தொடங்குவதைப் பார்த்தான். மண்டபத்தில் வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது.

"ஏல, நெஞ்சைத் தூக்கு. ராடைக் கால்ல ஒட்டு, ஒட்டுல," என்று யாரோ கத்தினார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தபோதுதான் கத்தியது தான் என்பது பேச்சிராஜுக்குத் தெரிந்தது.

கொம்பையாவின் நெஞ்சு நிமிர்ந்தது. ராடு தொடையில் உரசிக்கொண்டு ஏறியது. நின்றான்.

பின்வரிசையில் கோதண்டம் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டார். பேச்சிராஜுக்கு நெஞ்சில் நின்றது இறங்கவில்லை. ஆனால் கை இரண்டும் முஷ்டியாக இருந்தன.

முதல் பரிசு கொம்பையாவுக்கு இல்லை. இனியவன் என்று ஒருவன், உள்ளூரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், கொம்பையாவுக்குப் பிறகு மேடைக்கு வந்தான். ராடுக்குப் பக்கத்தில் நின்று ஒரு கொட்டாவி விட்டான். இருநூற்றிருபதைத் தூக்கினான். இறக்கிவைத்துவிட்டு, ஏதோ மறந்துவிட்டவன்போல உள்ளே போனான்.

திரும்பிவரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். இரண்டாம் பரிசுப் பதக்கம் கொம்பையாவின் மடியில் கிடந்தது. வழக்கமாக பஸ் கிளம்பியதும் தூங்கிவிடுகிறவன், தூங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். வயல்கள் போய், கோடவுன்கள் வந்தன. நாளைக்கு நடேசன் இந்தப் பதக்கத்தைக் குழுவின் சாதனையாக போர்டில் எழுதப்போகிறார் என்று பேச்சிராஜ் பேச்சுக்குச் சொன்னான். கொம்பையா அதைக் காதில் வாங்கவில்லை.

"அந்த வேன்காரன் தொடையைப் பாத்தீயளாண்ணே?" என்றான் கடைசியில்.

"பாத்தேன்."

"கொட்டாவி விடுதான்ணே. இருநூத்தி இருவதைத் தூக்கப்போறதுக்கு முன்னாடி கொட்டாவி விடுதான். அவன் என்னத்தைத் திங்கான்? நாம திங்காததையா திங்கான்?" குரல் கம்மியிருந்தது. "எனக்கு இங்கன ஒரு மாதிரி பண்ணுது," என்று நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் கையை வைத்துக் காட்டினான். "எதுவும் சேராததைத் தின்னுட்டேனான்னு தெரியல."

பேச்சிராஜ் அவனைத் திரும்பிப் பார்த்தான். ஒரு வருடத்துக்குமேல் ஒரே அறையில், பக்கத்துப் பாயில் படுத்துக்கொள்கிறவன். அவனை முதல்முறையாக முழுசாகப் பிடித்துப்போனது.

"அது அஜீரணமில்ல," என்றான். சீட்டில் நகர்ந்து அவனுக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டான். "நாளைக்கு ஷிப்ட் முடிஞ்சு தளவாய் ஷெட்டுக்கு நானும் வாரேன். அந்த வேன்காரன் ராடை எடுக்கும்போது இடது தோள் கொஞ்சம் இறங்குது, கவனிச்சியா?"

கொம்பையா கவனிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, எப்படி என்று கேட்டான். சுங்குவார்சத்திரம் வருகிறவரைக்கும் இருவரும் அந்த வேன்காரனைப் பற்றியே, ஒரு நல்ல வார்த்தைகூட இல்லாமல், மனம்விட்டுப் பேசிக்கொண்டு வந்தார்கள்.